கொட்டாஞ்சேனையில் ஓர் உழவு மெசின்

என் வயதுக்காரர்களே, முதலில் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கும் அது இல்லாவிட்டால் சோற்றில் கிடக்கிற கல் தெரிவதில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன் என்பதற்காக என்னைப் படித்தவன் என்று நினைத்துவிடவேண்டாம். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டதா, நான் அதைக் கைவிட்டேனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எழுத்துப்பிழை பார்ப்பது என் மகள். மற்றப் பிழைகள் எல்லாம் என் சொந்தச் சம்பாத்தியம்.

எங்கள் லேன் முடிகிற இடத்தில், ஹார்பர் பக்கம் இறங்குகிற சரிவில், ஒரு மணல் யார்ட் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? களனி ஆற்று மணலும் கருங்கல்லும் குவித்து வைத்து விற்பார்கள். நாங்கள் மணலில் சறுக்கி விளையாடி, காற்சட்டைக்குள் அரைக் குவியலை வீட்டுக்குக் கொண்டுபோவோம். அந்த யார்ட்டின் மூலையில் ஒரு பழைய உழவு மெசின், டிராக்டர்தான், நின்றது. முன்னால் மணல் அள்ளுகிற பெரிய பக்கெட், அதைத் தாங்க இரண்டு இரும்புக் கைகள். ஒரு முறை கீழே இறக்கினால் திரும்ப எழும்பாது என்று, கைகளை மேலே தூக்கிவிட்டு இரண்டு தென்னங்குற்றிகளை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் செக்பொயின்ற்றில் எங்கள் ஆம்பிளைகள் நின்ற மாதிரியே அதுவும் நின்றது. சீற் இருந்த இடத்தில் சாக்கு. சாக்கில் ஒரு பூனைக் குடும்பம். டீசல், துரு, பூனை மூத்திரம் மூன்றும் கலந்த அந்த மணம் இன்றைக்கும் எங்கேயாவது அடித்தால் நான் நின்றுவிடுவேன். பின்னால் வருகிறவர்கள் என்னில் முட்டித் திட்டுவார்கள்.

அந்த வெயில் காலத்தில்தான் பெரியப்பா வன்னியிலிருந்து வந்து சேர்ந்தார். அப்பாவின் மூத்த அண்ணன். அங்கே போய்க் குடியேறி, சொந்தமாக உழவு மெசின் வைத்து ஊர் வயல் எல்லாம் உழுதவர். அந்த மெசினை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். யார் என்று அவரும் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை. பெரியம்மாவும் அவர்களின் மகள் அக்காவும் இன்னும் அங்கேதான். தான் இங்கே ஒரு கால் ஊன்றிக்கொண்டு அவர்களைக் கூப்பிடுவதுதான் அவருடைய திட்டம்.

கால் ஊன்ற பொலிஸ் விடவேண்டும். வடக்கிலிருந்து வந்தவர் என்றால் பதிவு, பதிவுக்கு ஒரு தவணை, தவணை முடிந்தால் திரும்பிப் போகவேண்டும். நீட்டிக்கக் காரணம் வேண்டும். அங்கே உயிரோடு இருக்க முடியவில்லை என்பது காரணமாக எடுபடாது. இங்கே வேலை இருக்கிறது, முதலாளியே வந்து சொல்கிறார் என்றால் எடுபடும்.

பெரியப்பாவுக்குச் சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாது. எனக்கோ லேனில் பொறுக்கிய சிங்களம் வாய் நிறைய இருந்தது, அதில் பாதி கெட்ட வார்த்தை. ஆகவே பெரியப்பாவின் மொழிபெயர்ப்பு மந்திரியாக நான் பதவி ஏற்றேன்.

யார்ட் முதலாளி வயிறு பெருத்த சிங்கள மனிதர். கெட்டவர் இல்லை. பெரியப்பா மெசினைச் சுற்றிச் சுற்றி வருவதைக் கண்டுவிட்டு என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டார்.

"மல்லி, இந்தப் பட்டிக்காட்டுக் கொக்கு என்ன தேடுது?" என்றார் சிங்களத்தில்.

"முதலாளி சுகமா எண்டு கேக்கிறார்," என்றேன் பெரியப்பாவுக்கு.

"நல்ல சுகம் எண்டு சொல்லு. இந்த மெசினை நான் எழுப்பித் தாறன் எண்டும் சொல்லு."

முதலாளி சிரித்தார். மெக்கானிக் பாஸ்மார் மூன்று பேர் பார்த்துவிட்டு, இரும்புக்கு நிறுத்துக் கொடு என்று சொல்லிவிட்டுப் போன மெசின். "எழுப்பினால் இங்கே ஓட்டுகிற வேலையும் இவருக்குத்தான். பொலிசுக்கும் நானே வந்து என் ஆள் என்று சொல்கிறேன்," என்றார்.

இதை மட்டும் நான் ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். பெரியப்பா சாரத்தை மடித்துக் கட்டினார்.

முதல் தலைவலி, அது என்ன மெசின் என்று கண்டுபிடிப்பது. பெயர்த் தகடு எப்போதோ கழன்றுபோயிருந்தது. என்ன மெசின் என்று தெரியாமல் சாமான் வாங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து பார்த்தார். ஹார்பரில் கிளார்க் வேலை பார்த்ததால் உலகத்துச் சாமான் எல்லாம் தனக்குத் தெரியும் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

"இது ரஷ்யாக்காரன்ர. கப்பலால இறக்கேக்குள்ள நான் கண்டனான்," என்றார்.

கொம்பனித்தெருவிலிருந்து முதலாளியின் லொறிகளைத் திருத்த வருகிற மலாய் பாஸ் ஒருவர் இருந்தார். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரஷ்யாவும் இல்ல, ஒங்கட மாமியாரும் இல்ல. இது இங்கிலீஷ்காரன்ட சாமான்."

"எப்பிடித் தெரியும் பாஸ்?" என்று நான் கேட்டேன்.

"வேல செய்யாட்டியும் பெருமையா நிக்கிறான் பாரு."

பெரியப்பா இருவரையும் கவனிக்கவில்லை. பேனாக்கத்தியால் எஞ்சின் மூடியில் பெயின்ற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மேலே மஞ்சள். மஞ்சளுக்குக் கீழே நீலம். அதற்குக் கீழே பச்சை. ஒவ்வொரு முதலாளியும் தன் தன் நிறத்தைப் பூசியிருக்கிறார்கள். கடைசியில் சிவப்பு வந்தது. பெரியப்பாவின் கை நின்றுவிட்டது.

"என்ர மெசின்தான்," என்றார்.

அப்பா பயந்து போனார். பெரியப்பாவுக்குத் தலையில் ஏதோ தட்டிவிட்டது என்று நினைத்திருப்பார். வன்னியில் தான் வைத்திருந்த அதே இனத்து மெசின் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அதைத் தொடுகிற கையே வேறு மாதிரி ஆகிவிட்டது.

அவர் சொன்னதும் பாதிதான் சரி. எஞ்சினுக்கு அங்குலக் கணக்கு ஸ்பனர் பிடித்தது. மண் அள்ளுகிற கைகளுக்கு அது பிடிக்கவில்லை, மில்லிமீற்றர் ஸ்பனர்தான் பிடித்தது.

"உடம்பு ஒரு நாட்டுக்காரன், கை ரெண்டும் வேற நாட்டுக்காரன். ஆரோ கலியாணம் செய்து வச்சிருக்கினம்," என்றார் பெரியப்பா.

"எங்கட வீடு மாதிரியா?" என்று கேட்டேன். அம்மா கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கம், அப்பா யாழ்ப்பாணச் சைவம். அப்பா என் பிடரியில் ஒன்று போட்டார். பாஸ் சிரித்த சிரிப்பில் சாக்கிலிருந்த பூனை ஓடிவிட்டது. அந்தக் கிழமையிலேயே டீசல் பம்ப் ஏதோ ஒரு லொறியில் கழற்றியது என்று பாஸ் கண்டுபிடித்தார். அத்தோடு மெசினுக்குச் சொந்த நாடு என்று ஒன்று இல்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

வேலை நடந்தது. பள்ளிக்கூடம் முடிந்து நான் போவேன், சில நாள் முடியாமலே போவேன். டாங்கியைக் கழற்றிக் கழுவியபோது உள்ளேயிருந்து கறுப்புக் களி சிரட்டை சிரட்டையாக வந்தது. பெரியப்பா நொசில்களைக் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தார், தங்கப்பல் மாதிரி. பக்கெட்டைத் தூக்குகிற பம்பின் ரப்பர் சீல் கரைந்து போயிருந்தது. பெரியப்பா நேரே வீட்டுக்குப் போய், அம்மாவின் ரப்பர் செருப்பை எடுத்து வட்டமாக வெட்டிக்கொண்டு வந்தார். ஒயிலில் அது அரை மணித்தியாலத்தில் ஊறிக் களியாகிவிட்டது. அம்மாவுக்கு அன்று முழுக்க ஒரு கால் செருப்புத்தான்.

பாஸ் தலையில் கை வைத்தார். "அண்ணே, பஞ்சிகாவத்தைக் கடையில புது சீல் இருக்கிது. போய் வாங்கினா சரிதானே."

"குடுப்பாங்களோ?"

"சல்லி குடுத்தா ஏன் குடுக்க மாட்டான்?"

"பெர்மிற் ஒண்டும் கேக்க மாட்டாங்களோ?"

பாஸுக்கு இது விளங்கவில்லை. அங்கே வன்னியில் டீசல், பற்றரி, வயர், சவர்க்காரம் எல்லாம் தடை என்பதும், ஒரு போத்தல் டீசலுக்கு ஆட்கள் நாள் முழுக்க நின்றார்கள் என்பதும் எங்களுக்குச் செய்தியாகத்தான் தெரியும். பெரியப்பாவுக்கு அது கை கால் மாதிரி ஆகிவிட்டிருந்தது. புது சீல் வந்ததும் அவர் அதை மூக்கில் வைத்து மணந்தார்.

இங்கேதான் போத்தல் கதை வருகிறது.

சாமான் கழுவ முதலாளி டீசல் கொடுப்பார். கழுவிய ஊத்தை டீசலை பெரியப்பா ஊற்றிவிட மாட்டார். பழைய பெனியனில் வடித்து, சாராயப் போத்தலில் நிறைத்து, கடதாசியால் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். அவர் படுத்த கட்டிலுக்குக் கீழே போத்தல்கள் வரிசை கட்டின. மெசினில் கழற்றிய பழைய வயர்களைச் சுற்றிச் சுற்றிக் கட்டி அதன் பக்கத்தில் வைப்பார். எங்கள் வீட்டு டோர்ச்சில் செத்த பற்றரிகளை யன்னலில் வெயிலுக்கு வைத்து, கொஞ்சம் உயிர் வரும் என்று அதையும் சேர்ப்பார்.

"சோத்துல டீசல் மணக்குது. அவர்கிட்டச் சொல்லுங்களேன்," என்றார் அம்மா.

"விடப்பா. வந்த மனிசன்ர மனம் நோகும். கொஞ்ச நாளில தானா விட்டிடுவார்," என்றார் அப்பா.

நான் லேனில் உள்ள பொடியன்களைக் கூட்டிவந்து, ஆளுக்கொரு தரம் கட்டிலுக்குக் கீழே எட்டிப்பார்க்க விட்டேன். எங்கள் வீட்டில் பெற்றோல் செட் திறந்திருக்கிறோம் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தோம். பெரியப்பாவும் சிரித்தார். குண்டு வெடித்த செய்தி கிழமைக்குக் கிழமை வந்துகொண்டிருந்த நகரத்தில், வளர்ந்த ஆட்கள் அத்தனை பேர் இருந்த வீட்டில், டீசலும் வயரும் பற்றரியும் ஒரே இடத்தில் கிடந்தால் வெளி ஆளின் கண்ணுக்கு என்னவாகத் தெரியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மணம்தான் பிரச்சினை என்று நினைத்தோம். இப்போது யோசித்தால், அப்பாவின் அந்த மரியாதை அம்மாவின் மூக்கைக் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை மெசின் எழும்பியது. பெரியப்பா டீசல் பைப்பில் அடைத்திருந்த காற்றை, எயாரை, எடுத்துவிட, பாஸ் லொறிப் பற்றரியிலிருந்து வயர் கொடுக்க, முதலில் இருமியது, பிறகு கனைத்தது, பிறகு யார்ட் முழுக்க ஒரு கறுப்புப் புகை. காகங்கள் கோயில் பக்கம் பறந்தன. தென்னங்குற்றிகளை உருவினார்கள். பக்கெட் கீழே இறங்கியது. மணலில் மூக்கை நுழைத்தது. மெதுவாக, நடுங்கி நடுங்கி, நிறை மணலோடு மேலே எழும்பியது.

மணல் ஏற்றுகிற ஆட்கள் கை தட்டினார்கள். பெரியப்பாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஒரு லோட் கொட்டியதும் எஞ்சினை நிறுத்தினார். முதலாளி ஓடிவந்தார்.

"ஏன் நிற்பாட்டினார்? கேள், கேள்."

கேட்டேன். "அடுத்த லொறி வரும்வரைக்கும் சும்மா ஏன் டீசல் எரிக்கிறது?" என்றார் பெரியப்பா.

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். இப்படி ஓர் ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றார். திங்கட்கிழமை காலையில் பொலிசுக்குத் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். அன்றிரவு பெரியப்பா, அக்காவுக்கு எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று அம்மாவிடம் விசாரித்தார். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தைச் சொல்லிவிட்டு, இவனைப் படிப்பித்த இடம் மட்டும் வேண்டாம் என்று என்னைக் காட்டினார்.

ஞாயிறு விடியும்போது பொலிஸ் வந்து லேனைச் சுற்றி வளைத்தது. அது புதிதில்லை. அம்மா அடையாள அட்டைகளை மேசையில் அடுக்கினார். வந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பிறகு ஒரு பொலிஸ்காரன் குனிந்து கட்டிலுக்குக் கீழே டோர்ச் அடித்தான். குனிந்தவன் எழும்பவில்லை, பின்னாலேயே ஊர்ந்து வெளியே வந்தான்.

போத்தல், வயர், பற்றரி எல்லாம் எங்கள் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தன. சந்தியில் பெற்றோல் செட் இருக்கும்போது வீட்டில் டீசல் எதற்கு என்று அதிகாரி கேட்டார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் வாயில் விழுந்தது. அப்பாதான் பதில் சொன்னார், ஹார்பரில் பழகிய சுத்தமான சிங்களத்தில்:

"இதெல்லாம் அவருடைய சாமான். அவர் வந்து கொஞ்ச நாள்தான். எங்களுக்கு ஒன்றும் தெரியாது."

பெரியப்பா தலையால் அப்பாவைக் காட்டி என்னைப் பார்த்தார். "கொப்பர் என்னவாம் சொல்லுறார்?"

அம்மாவின் கை கொஞ்சம் தளர்ந்தது.

"நீங்க நல்ல ஆள் எண்டு சொல்றார், பெரியப்பா," என்றேன்.

அவர் தம்பியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அவர்களோடு படி இறங்கினார். செருப்புப் போட விடவில்லை.

அப்பாவை நான் குறை சொல்ல வரவில்லை. அந்த ஒரு வசனத்தால் அவரும் அம்மாவும் நானும் வீட்டில் இருந்தோம். அவர் அதற்குப் பிறகு சிங்களத்தில் பேசும்போதெல்லாம் தொண்டையைச் செருமிக்கொள்வார், அவ்வளவுதான்.

அன்றே அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு முதலாளியிடம் ஓடினார். நாளைக்கு வருவதாகச் சொன்னீர்களே, இன்றைக்கு வாருங்கள் என்று கெஞ்சினார். முதலாளி தலையைச் சொறிந்தார்.

"நேற்று என்றால் வந்திருப்பேன். இன்றைக்கு நான் போய் என் ஆள் என்று சொன்னால், டீசல் எங்கேயிருந்து வந்தது என்று என்னிடம் கேட்பார்கள். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்."

அவர் சொன்னதிலும் பிழை இல்லை. அந்தக் காலத்தின் கேடே அதுதான். ஒவ்வொருவர் சொன்னதும் சரியாக இருந்தது.

ஆனால் அந்தக் கிழமையிலேயே மெசின் நின்றுவிட்டது. பாஸ் எயார் எடுத்தால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு இருமிவிட்டு நிற்கும். எங்கே எயார் இழுக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. முதலாளி எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். அவர் வந்தது அதுதான் முதல் தரம். அம்மா தேத்தண்ணி கொடுத்தார்.

"அண்ணனிடம் போய்க் கேளுங்கள். மெசின் ஓடினால் நானும் வந்து பேசுகிறேன்," என்றார்.

பெரியப்பாவைத் தெற்கே ஒரு மறியலுக்கு, சிறைக்கு, கொண்டுபோயிருந்தார்கள். பஸ்ஸில் போகும்போது அப்பா எனக்குப் பாடம் சொல்லித் தந்தார். முதலாளி வந்து கையெழுத்து வைக்கும்வரைக்கும் மெசின் பற்றிப் பெரியப்பா வாய் திறக்கக்கூடாது. அவர் கையில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பெரியப்பா மெலிந்திருந்தார். முன்பல் ஒன்று இல்லை. மெசின் நின்றுவிட்டது என்று அப்பா சொன்னதும் வலைக்குக் கிட்ட வந்தார்.

"டாங்கியால இறங்கிற பைப். கிளிப்புக்குக் கீழ மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. நான் சவர்க்காரம் அப்பி நூலால சுத்தி விட்டனான்."

"அண்ணை, இப்ப சொல்லாதேங்கோ. அவன் வந்து எழுதித் தரட்டும்."

"வாசச் சவர்க்காரம் சரிவராது. உடுப்புத் தோய்க்கிற கட்டி. எஞ்சின் சூட்டில இளகிப்போடும், மாத்தி மாத்தி அப்பவேணும்."

"அண்ணை, நான் சொல்லுறதைக் கேளுங்கோவன்."

"மெசின் நிண்டுபோய்க் கிடக்கு எண்டுறாய். சொல்லாம இருக்கேலுமே?"

பெரியம்மாவுக்கு என்ன சொல்லி அனுப்புவது என்று கேட்க அப்பா வைத்திருந்த நேரம் முழுவதும் சவர்க்காரத்தில் போய்விட்டது. மணி அடித்துவிட்டார்கள். பெரியப்பா திரும்பி நடந்துகொண்டே நூலை எந்தப் பக்கமாகச் சுற்றவேண்டும் என்று விரலால் காட்டினார்.

திரும்பி வரும் வழியில் அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "நாங்களே போய்ச் சொல்லுவம். அவனும் மனிசன்தானே," என்றார்.

போய்ச் சொன்னோம். பாஸ் கிளிப்பைக் கழற்றி, காய்ந்துபோன சவர்க்காரத்தை நகத்தால் சுரண்டி எடுத்துப் பார்த்தார். "சவர்க்காரமா," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று பின்னேரமே பஞ்சிகாவத்தையிலிருந்து ஒரு புதுப் பைப் வந்தது. ஒரு தேத்தண்ணியும் பணிசும் வாங்குகிற விலை. அதைப் பூட்டியதோடு மெசினுக்கு எந்த வைத்தியமும் தேவைப்படவில்லை. பெரியப்பாவும் தேவைப்படவில்லை.

முதலாளி அடுத்த கிழமை பொலிசுக்கு வருவதாகச் சொன்னார். அடுத்த கிழமையும் அப்படியே சொன்னார். அப்பா போவார், நான் மொழிபெயர்க்கத் தேவையில்லாவிட்டாலும் கூடப் போவேன். கொஞ்ச நாளில் எங்களைக் கண்டால் முதலாளி மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அந்த மெசின் காலையிலிருந்து பின்னேரம் வரை மணல் அள்ளுகிற சத்தம் எங்கள் வீட்டு மேல்மாடிக்குக் கேட்கும். அம்மா யன்னலைச் சாத்தினார். வெக்கையில் எல்லோரும் வேர்த்துக்கொண்டு இருந்தோம்.

மறியலுக்கு இரண்டாம் முறை போனதுதான் நாங்கள் பெரியப்பாவைக் கடைசியாகக் கண்டது. பிறகு போனபோது வேறு இடத்துக்கு மாற்றியாயிற்று என்றார்கள். அந்த வேறு இடத்தில் அப்படி ஒருவர் வரவே இல்லை என்றார்கள். பெரியம்மா வன்னிப் பாதை திறந்த பிறகு வந்து, எங்களோடு அவரைத் தேடி அலைந்து, அலைந்தபடியே காலமானார். அக்கா இப்போது வெளிநாட்டில். போனில் மெசின் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

அந்த இரண்டாம் முறையைச் சொல்லி முடிக்கிறேன். அன்றைக்கு அப்பாவுக்கு நிறைய நேரம் கொடுத்தார்கள், ஏன் என்று தெரியாது. பெரியப்பா முதலாளியைப் பற்றிக் கேட்கவில்லை. யாராவது வந்து பேசினார்களா என்றும் கேட்கவில்லை.

"ஓடுதோ?" என்றார்.

"ஓடுது, அண்ணை."

"சவர்க்காரம் மாத்தி அப்பினவங்களோ?"

அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஓம் அண்ணை. மாத்திறவை."

"கட்டி முடிஞ்சா அரைக் கட்டி வாங்கி வைக்கச் சொல்லு," என்றார் பெரியப்பா. "கடைசி நேரத்தில இல்லாமப் போனா என்ன செய்யிறது?"